பவளத் தொட்டிக்கு விளக்கு தேடிய பத்து மாதம்

நேற்று மாலை விளக்கு மங்கத் தொடங்கிய நேரத்தில், வீட்டில் உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஹேமர் பவளம் உணர்கொம்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் நேரம் அது. அப்போதுதான் நடுவட்டத்தில் ஒரு வாய்க்குப் பதில் இரண்டு வாய் இருப்பது தெரிந்தது. பக்கத்துத் தலை போன மாதமே இப்படித்தான் நீள்வட்டமாகி, நடுவில் இடுப்பு விழுந்து, இரண்டாகப் பிரிந்தது. தனி வாயுள்ள ஒவ்வொரு பிரிவும் ஒரு தலை. மூன்று தலையோடு வாங்கிய பவளம். அதில் ஒன்று என் தவறால் செத்தது. மீதி இரண்டும் இப்போது நான்காகின்றன. தவறு நடந்தது முழுக்க விளக்கு விஷயத்தில் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

தொட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். கணக்குப்படி 182 லிட்டர். மேலே விட்ட இடம், பாறை, மணல் எல்லாம் கழித்தால் தண்ணீர் 145 லிட்டர்தான் வரும். தொட்டி பழகி, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் காட்டிய பிறகு முதலில் வைத்தவை மஷ்ரூம் பவளமும் ஜோவா பவளமும். இரண்டும் சாதுவானவை. விளக்குக்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம் என்று, நன்னீர்ச் செடித் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த 36 வாட் வெள்ளை எல்.இ.டி. பட்டையையே எடுத்து மேலே வைத்தேன். 6500 கெல்வின், பகல் வெளிச்சம் போலவே பளிச்சென்று இருந்தது. கண்ணுக்கு நிறைவாக இருந்ததால் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆறு வாரத்தில் ஜோவாக்களின் தண்டு நீண்டுவிட்டது. வழக்கமாகப் பாறையோடு ஒட்டிக் கம்பளம் போலப் படர்பவை, ஒவ்வொன்றும் கழுத்தை நீட்டிக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தன. மஷ்ரூம் தட்டு போல அகன்று நிறம் மங்கியது. கண்ணாடியில் மட்டும் பச்சைப் பாசி மூன்று நாளைக்கு ஒருமுறை சுரண்டும் அளவுக்கு வந்தது. பவளத்துக்கு எட்டும் வெளிச்சம் குறைவு என்பது இந்த அடையாளங்களிலேயே தெரிந்தது. அதே வாரத்தில் ஹேமரும், தட்டுத் தட்டாக வளரும் மான்டிபோரா பவளமும் கைக்கு வந்தன. இனி இந்தப் பட்டை உதவாது என்று முடிவு செய்தேன்.

அடுத்து வாங்கியது சந்தையில் அதிகம் கிடைக்கும் கறுப்புப் பெட்டி வகை எல்.இ.டி. உள்ளே 3 வாட் சில்லுகள் 55. வெள்ளைக்கு ஒரு சேனல், நீலத்துக்கு ஒரு சேனல், ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ், ஒவ்வொரு சில்லின் மேலும் 90 டிகிரி லென்ஸ். பெட்டியில் 165 வாட் என்று அச்சிட்டிருந்தது. பிளக்கில் செருகும் வாட் மீட்டரில் பார்த்தபோது இரண்டு குமிழையும் முழுக்கத் திருகியும் 112 வாட்தான் இழுத்தது. சில்லுகளை அவற்றின் முழு அளவுக்கு ஓட்டுவதில்லை, அது ஆயுளுக்கு நல்லதுதான். ஆனால் வாட்டை வைத்து இரண்டு விளக்குகளை ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம் என்பது அன்று புரிந்தது.

சரி, வாட்டை நம்பக் கூடாது, அளந்து பார்த்துவிடலாம் என்று கையில் இருந்த லக்ஸ் மீட்டரை எடுத்தேன். சென்சாரை மெல்லிய பாலிதீன் பைக்குள் போட்டு, வாயை இறுகக் கட்டி, ஹேமர் உட்காரப் போகும் இடத்தில், தண்ணீர் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே பிடித்தேன். விளக்கு தண்ணீருக்கு 20 செ.மீ. மேலே. குமிழில் நீலம் 100 சதவீதம், வெள்ளை 20. மீட்டர் 7,600 லக்ஸ் காட்டியது. பவளத்துக்கு லக்ஸ் பயன்படாது, பிஏஆர் கணக்குதான் வேண்டும் என்பது தெரியும். 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற அளவு அது. சூரிய ஒளிக்கு லக்ஸை 54 ஆல் வகுத்தால் பிஏஆர் ஏறக்குறைய வந்துவிடும். நானும் வகுத்தேன். 140 வந்தது. ஹேமருக்கு 80 முதல் 150 வரை இருந்தால் வசதி. கச்சிதம் என்று, காலை 10 மணிக்கு முழு வெளிச்சத்தில் எரிந்து இரவு 8 மணிக்கு அணையும்படி டைமர் வைத்துவிட்டுப் படுத்தேன்.

நான்காம் நாள் ஹேமர் பாதிதான் விரிந்தது. ஆறாம் நாள் மான்டிபோராவின் நடுப்பகுதி வெளிறியது. ஒன்பதாம் நாள் ஹேமரின் மேல்தலை சுருங்கி, எலும்புக்கூட்டின் விளிம்பு வெளியே தெரிந்தது.

இங்கேதான் இரண்டாவது தவறைச் செய்தேன். தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். உப்பளவு, காரத்தன்மை, கால்சியம் என்று எல்லாவற்றையும் சோதித்தேன். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை 25 சதவீதம் தண்ணீர் மாற்றினேன். எதிலும் மாற்றமில்லை. காரணம் கண் முன்னாலேயே இருந்தது. மான்டிபோரா தட்டைக் கையில் எடுத்துத் திருப்பியபோது, மேல்பக்கம் காகிதம் போல வெளுத்திருந்தது. ஆனால் பாறை நிழல் விழுந்த ஓரத்தில், பிறை வடிவில், பழைய செம்பழுப்பு நிறம் அப்படியே இருந்தது. அடிப்பக்கமும் நிறம் மாறவில்லை. தண்ணீர் கெட்டிருந்தால் நிழலும் வெயிலும் பார்த்து வெளுக்காது. அந்தப் பிறையை ஒரு வாரம் முன்னால் பார்த்திருந்தால் மான்டிபோரா பிழைத்திருக்கும்.

பதற்றத்தில் வெள்ளையை அடியோடு அணைத்து, நீலத்தை 20க்கு இறக்கினேன். வெளுப்பு நின்றது. ஹேமரின் ஒரு தலையும் மான்டிபோராவும் போய்விட்டன. மீதி எல்லாம் பிழைத்தன, ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் மெல்ல மெல்லப் பழுப்பேறின. திசுவுக்குள் குடியிருக்கும் பாசிதான் பவளத்துக்குச் சோறு போடுகிறது. வெளிச்சம் குறைந்தால் கிடைக்கிற கொஞ்சத்தைப் பிடிக்க அதில் நிறமி கூடும். பச்சை நுனியோடு இருந்த ஹேமர் தேநீர் நிறத்துக்கு வந்தது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை.

கடல் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எதை வைச்சு அளந்தீங்க?" லக்ஸ் மீட்டர் என்றேன். "அது மனுசக் கண்ணுக்குப் பண்ணின கருவிங்க. உங்க கண்ணுக்கு எவ்வளவு பளிச்சுன்னு தெரியுதுன்னு சொல்லும். பவளத்துக்கு எவ்வளவு கிடைக்குதுன்னு சொல்லாது" என்றார். மனிதக் கண்ணின் கூர்மை 555 நானோமீட்டர் பச்சைக்குப் பக்கத்தில்தான் உச்சம். லக்ஸ் மீட்டரும் அந்த வளைவைத்தான் பின்பற்றுகிறது. 450க்குப் பக்கத்தில் எரியும் ஆழ்நீலத்தை அது கிட்டத்தட்டக் கணக்கிலேயே எடுக்காது. வீட்டுக்கு வந்து சோதித்தேன். வெள்ளைக் குமிழைக் கொஞ்சம் திருகினால் லக்ஸ் எண் துள்ளி ஏறியது. நீலக் குமிழைப் பாதிக்கு மேல் திருகியும் எண் அசைந்தது கொஞ்சம்தான். 54 என்ற வகுஎண் சூரியனுக்கு உரியது. என் நீல விளக்குக்கு அது எங்குமே பொருந்தாது.

அவருடைய பிஏஆர் மீட்டரை ஒரு வாரக் கடைசிக்கு வாங்கி வந்தேன். நீலத்தையும் ஒழுங்காகக் கணக்கெடுக்கும் முழு நிறமாலை சென்சார், தண்ணீருக்குள் இறக்கும் வகை. இதை வாடகைக்கு எடுத்தால்கூட ஒரு விளக்கின் விலையில் சிறு பங்குதான் ஆகும். நான் செய்த முறை இது. 20 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒன்றின் நுனியில் சென்சாரைக் கேபிள் டையால் கட்டி, அது நேராக மேலே பார்க்கும்படி சின்ன ரசமட்டம் வைத்துச் சரிசெய்தேன். சென்சார் சாய்ந்தால் எண் குறைந்துவிடும். குழாயில் மார்க்கரால் 10, 22, 36 செ.மீ. என்று ஆழக் கோடுகள். தொட்டியின் மேல்விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நீளத்தில் ஆறு, அகலத்தில் மூன்று என்று 15 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள். மொத்தம் 54 அளவு வர வேண்டும். பாறை மறித்ததால் 47தான் எடுக்க முடிந்தது. காற்றில் அளவு திருத்திய சென்சார் தண்ணீருக்குள் குறைத்துக் காட்டும், அதற்கான திருத்தக் காரணியைப் போட வேண்டும் என்பது கையேட்டில் இருந்தது. முதல் ஒன்பது அளவைப் போடாமல் எடுத்துவிட்டு, மறுபடி அளந்தேன். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஓடும்போது மேற்பரப்பு அலையால் எண் ஊசலாடும். அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் பத்து விநாடி பார்த்து நடு எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

பவளங்களைத் தற்காலிகமாக ஓரத்துக்கு மாற்றிவிட்டு, பழைய அமைப்பையே திரும்பவும் வைத்து முதலில் அளந்தேன். நீலம் 100, வெள்ளை 20, உயரம் 20. ஹேமர் இருந்த இடத்தில் 430. நான் 140 என்று நம்பிய இடம் அது. அடியில் மணல்மட்டத்து மூலையில் 40. ஒரே தொட்டிக்குள் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அப்புறம் பதறிப்போய் இறக்கிய அமைப்பை அளந்தேன். அதே இடத்தில் 45. குமிழில் 20 என்றால் ஐந்தில் ஒரு பங்கு என்று நினைத்திருந்தேன், அது பத்தில் ஒரு பங்காக விழுந்திருந்தது. ஆக, வெளுத்ததற்கும் பழுப்பேறியதற்கும் இரண்டு எண்களும் தாளில் வந்துவிட்டன. இரண்டு மாதமாகப் புரியாதது பத்து நிமிடத்தில் தெரிந்தபோது, நிம்மதியும் வருத்தமும் சேர்ந்தே வந்தன.

பிறகு விளக்கை 40 செ.மீ. உயரத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். நடுவில் 250, மூலையில் 55. ஏற்றத்தாழ்வு குறைந்தது, ஆனால் பாதி வெளிச்சம் சுவரில் விழுந்தது. 90 செ.மீ. நீளத் தொட்டிக்கு இந்த வகை ஒற்றை விளக்கு போதாது என்பது தெளிவாகிவிட்டது. சுமார் 60 செ.மீ. நீளம் வரை ஒன்று சமாளிக்கும்.

அந்தக் கட்டத்தில் மூன்று வழி இருந்தன. உலோக ஹாலைடு விளக்கு எனக்குப் பிடித்ததுதான். தண்ணீருக்குள் அது ஆடவிடும் ஒளிக்கோடுகள் அழகு. ஆனால் தண்ணீரைச் சூடாக்கும். 26 டிகிரியைத் தாண்டாமல் வைக்க நான் ஏற்கெனவே பாடுபடுகிறேன், அதனால் ஒதுக்கினேன். 39 வாட் டி5 குழல்விளக்கு நான்கு போட்டால் வெளிச்சம் தொட்டி முழுக்கச் சீராகப் பரவும், நிழலே இருக்காது. உண்மையில் ஒளிப்பரவலுக்கு இன்றைக்கும் டி5தான் நல்லது என்பது என் கருத்து. தடுத்தது குழாய் மாற்றும் செலவு. ஒளி மங்கிவிடுவதால் கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒருமுறை நான்கையும் மாற்ற வேண்டும், குழாய் எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனாலும் மாற்ற வேண்டும். மூன்றாவது வழி, இருக்கும் எல்.இ.டி.க்கு அதே மாதிரி ஜோடி ஒன்று வாங்கி, இரண்டையும் குறைந்த அளவில் ஓட்டுவது. இதைத்தான் செய்தேன். முதல் நாளே இரண்டாக வாங்கியிருந்தால் வெள்ளைப் பட்டையில் ஆறு வாரம் போயிருக்காது, செத்த பவளத்துக்குப் போட்ட பணமும் மிஞ்சியிருக்கும்.

தொங்கவிட 20 மி.மீ. எஃகுக் கண்டியூட் குழாயை வளைத்து, தொட்டி ஸ்டாண்டின் பின்காலில் இரண்டிரண்டு கிளாம்பு போட்டு இறுக்கினேன். விளக்கை நேரடியாகக் குழாயில் மாட்டாமல், நீளம் மாற்றக்கூடிய எஃகுக் கம்பிவடத்தில் தொங்கவிட்டேன். இந்தச் சின்னச் செலவு பெரிய உபகாரம். ஒரு கையால் அழுத்தினால் உயரம் மாறுகிறது. மின்கம்பி பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளையமாகத் தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் வழியும் உப்புத்தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. கசிவு மின்சாரத்தை வெட்டும் பிரேக்கர் இல்லாமல் உப்புத்தண்ணீருக்கு மேல் விளக்கைத் தொங்கவிடாதீர்கள்.

விளக்கு இரண்டும் தொட்டியின் நீளத்தில் 22.5, 67.5 செ.மீ. புள்ளிகளில், தண்ணீருக்கு 30 செ.மீ. மேலே. நீலம் 55, வெள்ளை 10. மறுபடி பி.வி.சி. குழாயோடு உட்கார்ந்தேன். பாறை உச்சியில் 210 முதல் 240. நடுத்தட்டில் 120 முதல் 130. மணலின் நடுவில் 85 முதல் 100. மூலைகளில் 60 முதல் 65. இரண்டு பக்கமிருந்தும் ஒளி வருவதால் பாறைவிளிம்பின் அடியில் விழுந்த கருநிழலும் தணிந்தது. ஹேமருக்கு 22 செ.மீ. ஆழத்தில் நடுத்தட்டு, ஜோவாவுக்கு மணலோரப் பாறை, மஷ்ரூமுக்கு மூலை என்று எண்களைப் பார்த்து இடம் கொடுத்தேன்.

அளக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மீன் குதிக்காமல் இருக்கப் போட்டிருந்த கண்ணாடி மூடியில் உப்புப் படலம். மூடியோடு ஒரு புள்ளியில் 210. துடைத்த பிறகு அதே புள்ளியில் 248. பதினைந்து சதவீதம் வெறும் உப்புக்கறையில் போய்க்கொண்டிருந்தது. மூடியை எடுத்துவிட்டு மெல்லிய வலைச்சட்டம் போட்டு, மேலே சொன்ன கடைசி அளவுகளை வலையோடுதான் எடுத்தேன். ஆவியாதல் கூடியது, தினமும் நன்னீர் கொஞ்சம் அதிகமாக ஊற்ற வேண்டியிருக்கிறது. பரவாயில்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. இரண்டு மாதமாக 45இல் பழகிய ஹேமரை ஒரேயடியாக 125க்குக் கொண்டுபோனால் பழைய கதைதான். அந்த இடத்தில் 75 வரும்படி குமிழை வைத்துத் தொடங்கி, வாரத்துக்கு 10 என்று ஐந்து வாரம் ஏற்றினேன். எந்தக் குமிழ் எண்ணுக்கு எந்த பிஏஆர் என்பதை மீட்டர் கையில் இருந்தபோதே பட்டியல் போட்டுவிட்டேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு வாரமும் இரவல் கேட்க வேண்டியிருந்திருக்கும். கூடவே மெல்ல ஏறி மெல்ல இறங்கும் டிம்மர் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றும் மாட்டினேன். 2 மணி நேரம் ஏற்றம், 5 மணி நேரம் உச்சம், 2 மணி நேரம் இறக்கம்.

ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது வித்தியாசம் இன்னும் உறைத்தது. பழைய அமைப்பில் 430, பத்து மணி நேரம், ஏற்ற இறக்கமே இல்லை: சதுர மீட்டருக்கு 15.5 மோல். இப்போது 125, ஐந்து மணி நேரம் முழுதாக, நான்கு மணி நேரம் சராசரியாகப் பாதி: 3.15 மோல். ஹேமருக்கு ஐந்து மடங்கு ஊட்டியிருக்கிறேன். மின்சாரமும் குறைந்தது. அப்போது 74 வாட், பத்து மணி நேரம், நாளுக்கு 0.74 யூனிட். இப்போது இரண்டு விளக்கும் சேர்ந்து உச்சத்தில் 76 வாட், நாளுக்கு 0.53 யூனிட். குறைவாக ஓடுவதால் மின்விசிறிச் சத்தமும் காதில் விழுவதில்லை.

வெளிச்சத்தோடு சேர்த்துச் சரிசெய்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வெளுப்பு வந்த நாட்களில் ஃபாஸ்பேட் உறிஞ்சும் குருணை ஓடிக்கொண்டிருந்தது, சோதனையில் 0.00. நல்ல தண்ணீர் என்று சந்தோஷப்பட்டேன். வெளிச்சம் கொட்டும் தொட்டியில் சத்தும் இல்லையென்றால் வெளுப்பு இன்னும் மோசமாகும். குருணையை எடுத்துவிட்டு மீன்களுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டினேன். இப்போது ஃபாஸ்பேட் 0.06 பிபிஎம், நைட்ரேட் 8.

ஏழாவது வாரம் ஹேமரின் நுனியில் பச்சை திரும்பியது. ஜோவாவின் கழுத்து குட்டையாகி, பக்கத்துக் கல்லுக்குத் தாவியது. மூன்றாம் மாதம் காரத்தன்மை ஐந்து நாளில் 8.4இலிருந்து 7.2 டிகேஎச்சுக்கு இறங்கியது. முதலில் திடுக்கிட்டேன். பிறகு யோசித்தால், பவளம் காரத்தன்மையைச் செலவழித்து எலும்புக்கூடு கட்டத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. இப்போது தினமும் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கரைசல் சேர்க்கிறேன்.

இன்னொரு தொட்டி வைத்தால் முதலில் எந்தப் பவளம், எந்த உயரம் என்று தாளில் வரைவேன். விளக்கு வாங்கும் முன்பே மீட்டரை ஏற்பாடு செய்வேன். பாறையையும் தண்ணீரையும் மட்டும் வைத்து அளந்துவிட்டு அப்புறம்தான் பவளத்தை இறக்குவேன். லென்ஸ் இல்லாத, அல்லது ஒளியைப் பரப்பும் பால்நிறத் தகடு உள்ள விளக்காகத் தேடுவேன். தனித்தனிச் சில்லுகளின் நிறப் புள்ளிகள் மணலில் விழுவது இன்னும் என் கண்ணை உறுத்துகிறது.

பாறை உச்சியில் 230 காட்டும் இடம் எட்டு மாதமாகக் காலியாக இருக்கிறது. மான்டிபோரா இருந்த இடம் அது. அடுத்த வாரம் ஒரு சிறு துண்டு வருகிறது. முதல் பத்து நாள் அதை மணலில், 90இல் வைக்கப் போகிறேன்.